உள்ளங்கை ரேகை மாதிரி எடுக்க எது நல்லது: மையா, ஸ்கேனரா, பவுடரா?

ஜன்னல் விளிம்பில் ஊன்றிய கை, பீரோக் கதவைத் தள்ளிய கை, கத்திப்பிடியை இறுக்கிய கை என்று சம்பவ இடத்தில் பதிவதெல்லாம் விரல் நுனி மட்டுமல்ல. அங்கே எடுக்கப்படும் ரேகைப் பதிவுகளில் ஏறக்குறைய 30 சதவீதம் உள்ளங்கையைச் சேர்ந்தவை என்று அமெரிக்காவில் ஒரு மதிப்பீடு உண்டு. விரல்ரேகைப் பிரிவுகளில் ‘சான்ஸ் பிரிண்ட்’ என்று சொல்லப்படும் இந்தப் பதிவுகளை வெளிக்கொணர்வதில் காட்டும் அக்கறையில் பாதிகூட, சந்தேக நபரின் கையிலிருந்து மாதிரி எடுப்பதில் காட்டப்படுவதில்லை. கடைசியில் ‘ஒப்பிடத்தக்க பகுதி மாதிரிப் பதிவில் இல்லை’ என்று நிபுணர் எழுதிவிட்டுப் போகிறார். பொருந்தவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. ஒப்பிட்டுப் பார்க்கவே வழியில்லை என்றுதான் அர்த்தம். உள்ளங்கை வழக்குகளில் பல ஒப்பீட்டு மேஜைக்கு வருவதற்கு முன்பே, மாதிரி எடுக்கும் இடத்திலேயே கெட்டுப்போகின்றன.

மாதிரி எடுக்க இன்று மூன்று வழிகள் உள்ளன: மையும் உருளையும், லைவ் ஸ்கேனர், பவுடரும் ஒட்டுத்தாளும். மூன்றுமே நல்லவைதான், மூன்றிலும் ஓட்டை உண்டு. எந்த ஓட்டை எந்தக் கையில் பெரிதாகும் என்று தெரிந்துகொண்டால் தேர்வு செய்வது எளிது.

முழு மாதிரி என்றால் என்ன

உள்ளங்கையை மூன்று மேடுகளாகப் பிரித்துப் பார்க்கலாம். நான்கு விரல்களின் அடியில் குறுக்காக ஓடும் மேடு ஒன்று. சுட்டுவிரல் முதல் சுண்டுவிரல் வரை ஒவ்வொரு விரலின் கீழும் பொதுவாக ஒரு டெல்டா, அதாவது மூன்று திசை ரேகைகள் கூடும் முக்கோணம், இங்கே இருக்கும். கட்டைவிரலின் கீழே பருத்திருப்பது இரண்டாவது மேடு. சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டு வரை நீள்வது மூன்றாவது. சான்ஸ் பிரிண்ட்களில் அதிகம் தலைகாட்டுவது இதுதான். இந்த மூன்றாவது மேட்டின் வெளி விளிம்பைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். எழுதும்போது தாளில் படுகிற அந்தப் பக்கவாட்டை ‘ரைட்டர்ஸ் பாம்’ என்கிறார்கள். காசோலையில், கடிதத்தில், கவுண்டர் கண்ணாடியில் பதிவது அந்த விளிம்புதான். கையைத் தட்டையாக வைத்து எடுக்கும் மாதிரியில் விடுபட்டுப்போவதும் அதேதான்.

இன்னொரு தொல்லை நடுக்குழி. கையை மேஜைமேல் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளங்கையின் நடுப்பகுதி தாளைத் தொடாது. நடுவில் வெள்ளைத் தீவு ஒன்று நிற்கும். உருண்டையான கைப்பிடியையோ பாட்டில் கழுத்தையோ பிடித்தவனின் கையில் அந்தக் குழிதான் முதலில் பொருளைத் தொடும்.

ஆக, ஒரு கைக்குக் குறைந்தது நான்கு பதிவுகள் வேண்டும்: நடுக்குழி உட்பட முழு உள்ளங்கை, கட்டைவிரல் மேட்டை உருட்டி எடுத்தது, எழுதும் விளிம்பு, விரல்களின் நடுக்கணுவும் அடிக்கணுவும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நுனியை மட்டும் உருட்டிய பத்து விரல் சீட்டில் அது கிடைக்காது.

ஒரு முழு உள்ளங்கையில் ரேகை முடிவும் கிளைபிரிவுமாக 800 வரை நுண்குறிகள் இருக்கும். விரலில் இருப்பதைப்போல அது பல மடங்கு. சம்பவ இடத்துத் துண்டு அதில் எந்த மூலையைச் சேர்ந்தது, எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று தேட, டெல்டாக்களும் மடிப்புக்கோடுகளுமே திசைகாட்டி. மாதிரியில் அவை இல்லாவிட்டால் தேடல் 360 டிகிரிக்கும் விரியும்.

மை

செலவு குறைந்த வழி. ஒழுங்காகச் செய்தால் மூன்றிலும் நம்பகமானதும் இதுவே. தேவையானவை: கறுப்பு அச்சு மை, கண்ணாடித் தகடு, ரப்பர் ரோலர், 8 அங்குலத்துக்கு 8 அங்குல வெள்ளை அட்டை அல்லது கெட்டியான ஏ4 தாள், சுமார் 3 அங்குல விட்டமுள்ள உருளை. உருளைக்கு 75 அல்லது 90 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் ஓரடி நீளத்துக்கு அறுத்த துண்டு போதும். தாளைக் குழாயில் சுற்றி இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் மாட்டிவிடலாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட வேண்டும். வியர்க்கிற கையென்றால் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து உடனே எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால், மே மாதச் சென்னையில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். தகட்டில் பட்டாணி அளவு மை இரண்டு சொட்டு வைத்து, மை பளபளப்பை இழக்கும்வரை ரோலரால் பரப்ப வேண்டும். தகட்டில் கண்ணாடி லேசாகத் தெரியுமளவு மெல்லிய படலமே சரியான அளவு. பிறகு கையைத் தகட்டில் அழுத்தாமல், ரோலரைக் கையில் உருட்டுங்கள். தகட்டில் அழுத்தினால் நடுக்குழியில் மை ஏறாது. அப்புறம் எந்த உருளை இருந்தும் பயனில்லை. மணிக்கட்டு மடிப்பிலிருந்து விரல் நுனி வரை, இரு பக்க விளிம்புகளையும் சேர்த்து மை ஏற வேண்டும்.

குழாயை மேஜையில் கிடத்தி, மணிக்கட்டுப் பக்கத்தைத் தாளின் ஓரத்தில் வைத்து, விரல் நுனியை நோக்கி ஒரே ஓட்டமாக உருட்ட வேண்டும். கொடுப்பவரின் கை தளர்ந்திருக்க வேண்டும். அவர் உதவி செய்வதாக நினைத்து அழுத்தினால் பதிவு இழுபடும். நடுக்குழி வருமிடத்தில் புறங்கையை உங்கள் இரு விரலால் லேசாக அழுத்துங்கள். பின்னோக்கி உருட்டக் கூடாது, இரட்டைப் பதிவாகிவிடும். அடுத்துத் தட்டையான தாளில் சுண்டுவிரல் பக்க விளிம்பைச் செங்குத்தாக வைத்து, உள்ளங்கைப் பக்கமாகச் சாய்த்து எடுக்க வேண்டும். கட்டைவிரல் மேட்டுக்கும் அப்படியே, எதிர்த் திசையில்.

மை அதிகமானால் பள்ளங்கள் நிரம்பும். முடிந்து நிற்கும் ரேகை பக்கத்து ரேகையோடு ஒட்டி, இல்லாத கிளைபிரிவு ஒன்று தோன்றிவிடும். குறைந்தால் ரேகை புள்ளி புள்ளியாக உடையும். அழுத்தம் மிகுந்தால் ரேகை பருத்துப் பள்ளம் மறையும். மூன்று பிழையையும் ஒரு செட்டை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். இரண்டாவது செட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் பிழை தானே தெரியும். அதனால்தான் இரண்டு செட் என்பது சம்பிரதாயமல்ல. இடையில் மண்ணெண்ணெய்ப் பஞ்சால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி காயவைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சினால் இரண்டாவது செட் முதலாவதைவிட மோசமாகும். விரித்த கையில் ஒரு செட், தளர்ந்த கையில் ஒரு செட் எடுப்பது இன்னும் நல்லது. கை விரியும் அளவுக்கேற்ப மடிப்புக்கோடுகளின் இடைவெளி மாறும்; ரேகைகளின் தொடர்பு மாறாது.

மையின் பலவீனம் எடுப்பவரின் கைப்பழக்கத்தில் இருக்கிறது. சரியாகப் பழகாதவர் எடுத்த மைப் பதிவைவிட, சுமாரான ஸ்கேனர் பதிவே மேல்.

லைவ் ஸ்கேனர்

கண்ணாடிப் பட்டகத்தின்மேல் கையை வைத்தால், ரேகை தொடும் இடங்களில் மட்டும் உள்ளே பிரதிபலிக்கும் ஒளி தடைபட்டுக் கறுப்பாகத் தெரிகிற ஏற்பாடு இது. மை தேவையில்லை, கை கழுவும் பிரச்சினை இல்லை, பதிவு அப்போதே கணினியில் ஏறிவிடும். தரவுத்தளத்தில் தேட வேண்டுமென்றால் இதற்கு ஈடில்லை. அமெரிக்காவில் எஃப்பிஐ தேசிய உள்ளங்கைத் தேடல் வசதியை 2013 மே மாதத்தில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய தொகுப்பில் துண்டுப் பதிவைக் கண்ணால் தேடிப் பிடிக்கலாம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

கண்ணால் தேடிய காலமும் உண்டு. இங்கிலாந்தின் பாட்டர்ஸ் பார் ஊரில் 1955-ல் கோல்ஃப் மைதானக் கொலை ஒன்றில், இரும்புத் துண்டொன்றில் கிடைத்த அரைகுறை உள்ளங்கைப் பதிவை வைத்துக்கொண்டு, வட்டாரத்து ஆண்கள் ஏறத்தாழ 9,000 பேரின் உள்ளங்கையைப் போலீஸ் எடுத்தது. ஆளும் பிடிபட்டான். எடுத்த ஒவ்வொரு மாதிரியிலும் அந்தக் குறிப்பிட்ட பகுதி விழுந்திருந்தால்தான் அப்படியொரு சோதனைக்குப் பொருளுண்டு.

ஸ்கேனரில் ஒரு கைக்கு மேல்பாதி, கீழ்ப்பாதி, எழுதும் விளிம்பு என்று மூன்று படம் எடுப்பது வழக்கம். இரண்டு கைக்கும் ஆறு. மேல்பாதிப் படத்தில் விரல் நுனிகளும் விழும்படி கையை வைக்க வேண்டும். அந்த நுனிகளை ஏற்கெனவே எடுத்த விரல்பதிவோடு ஒப்பிட்டுத்தான் வலக்கை இடக்கையாகப் பதிவாகவில்லை என்று உறுதி செய்ய முடியும். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுக்க வேண்டும். படியாவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை காணாமல் போகும். திரையில் இரண்டு படமும் தனித்தனியாக அழகாகவே இருக்கும், யாருக்கும் உறைக்காது.

இதன் பெரிய ஓட்டை மறுபடி நடுக்குழிதான். கண்ணாடி வளையாது. புறங்கையை அழுத்தினால் ஓரளவு இறங்கும், அவ்வளவே. அடுத்து ஈரம். ஏசி அறையில் குளிர்ந்த கண்ணாடியில் சூடான கையை வைத்தால் கையைச் சுற்றி ஆவி படிந்து விளிம்பு கலங்கும். வறண்ட கையில் ரேகை துண்டு துண்டாகும். அப்போது ஈரத்துணியில் ஒற்றி எடுத்தால் போதும், கிரீம் தடவினால் அடுத்தவரின் பதிவில் உங்கள் கிரீம் தெரியும். நான்கு விரல் அளவுக்கே கண்ணாடியுள்ள சிறிய கருவிகளில் உள்ளங்கையைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டவைக்கும் வேலை வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதைவிட மையே நல்லது.

அங்குலத்துக்கு 500 புள்ளி என்பது அடிப்படைத் தரம். வியர்வைத் துளைகளும் ரேகை விளிம்பின் வடிவமும் தேவைப்படும் சிக்கலான துண்டுகளுக்கு 1,000 புள்ளியில் எடுப்பது நல்லது. கருவி அனுமதித்தால் அதையே வழக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

பவுடர்

சித்தாள், கொத்தனார், சாயப்பட்டறைத் தொழிலாளி, நாள் முழுக்கப் பாத்திரம் தேய்ப்பவர்: இவர்களின் ரேகை தேய்ந்து மழுங்கியிருக்கும். மை அந்தத் தாழ்ந்த பள்ளங்களை நிரப்பிவிடும், ஸ்கேனர் பாதியைப் பார்க்காது. கறுப்புப் பவுடர் மட்டும் மேடுகளில் மெல்லிய படலமாக நிற்கும். குழந்தைகளின் நெருக்கமான ரேகைக்கும் இதுவே பொருத்தம்.

கை முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் பவுடரைத் தடவி, மிஞ்சியதைத் தட்டிவிட வேண்டும். முகக்கவசம் அவசியம், கொடுப்பவருக்கும் சேர்த்து. வெள்ளை ஒட்டுப்படலம் ஒன்றை, ஒளி ஊடுருவாத வகை, நடுக்குழியில் முதலில் பதித்து அங்கிருந்து எல்லாப் பக்கமும் வெளிநோக்கித் தடவி ஒட்ட வேண்டும். விளிம்பிலிருந்து தொடங்கினால் நடுவில் காற்றுக் குமிழ் நிற்கும். உரித்தெடுத்து, ஒட்டும் பக்கத்தை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் (ஓஎச்பி) தாளில் பதித்துவிட்டால் வேலை முடிந்தது. பவுடரைத் திரும்பப் போடாமல் இரண்டாவது, மூன்றாவது முறை எடுத்துப் பாருங்கள். பல நேரம் முதல் பதிவைவிட அவையே தெளிவாக வரும்.

வெள்ளைப் படலம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைப் படலத்தை ஒட்டும் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். அது தாளில் எடுத்த மைப்பதிவின் திசையிலேயே இருக்கும். வெறும் தெளிந்த டேப்பில் கையிலிருந்து எடுத்து வெள்ளை அட்டையில் ஒட்டினால், முதுகுப் பக்கமாகப் பார்க்க நேர்ந்து பதிவு இடவலம் மாறிவிடும். அதே டேப்பால் கண்ணாடியிலுள்ள சான்ஸ் பிரிண்டை எடுத்து அட்டையில் ஒட்டினால் திசை மாறாது. கறுப்பு ஜெலட்டின் லிஃப்டரில், அதாவது பதிவை ஒற்றியெடுக்கும் ஜெல் படலத்தில், எடுத்தால் மாறும். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு, இடக்கைக்கு வலக்கையைத் தேடி நாள்களை விரயமாக்குவது சுலபம். எடுத்த நிமிடத்திலேயே பதிவின் ஓரத்தில் ‘வலது’ அல்லது ‘இடது’ என்று எழுதி, மணிக்கட்டு இருக்கும் பக்கத்துக்கு அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

பவுடரின் குறை, படலம் இழுபடுவது. உரிக்கும்போது நீண்டால் ரேகை இடைவெளியும் நீளும். படலத்தில் விழும் சுருக்கம் தோலின் மடிப்புக்கோடுபோலத் தெரியும். கணினியில் ஏற்ற வேண்டுமென்றால் மேஜை ஸ்கேனரில் தனியாக எடுத்தாக வேண்டும்.

இறந்தவர்களின் கைக்குப் பெரும்பாலும் இதைத் தவிர வேறு வழி தேட வேண்டாம். விறைத்து மூடிய கையை வலுக்கட்டாயமாகப் பிரிக்காமல், மணிக்கட்டை முன்கைப் பக்கமாக மடக்கினால் விரல்கள் தாமாகத் தளரும். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய கையென்றால் தோலை உலர்த்தி, தேவையானால் தோலடியில் திரவம் ஏற்றிச் சுருக்கத்தை எடுத்த பிறகே பவுடர். காய்ந்து கெட்டியான கைக்கு சிலிக்கான் வார்ப்பு எடுத்து அதைப் புகைப்படமாக்குவது நடைமுறை.

எந்த வேலைக்கு எது

கைதானவர், தரவுத்தளத்தில் ஏற வேண்டும், பெரிய கண்ணாடியுள்ள கருவி இருக்கிறது என்றால் ஸ்கேனர். அதோடு நின்றுவிடாமல், உருளையில் ஒரு மைச் செட்டும் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். நடுக்குழிக்கு அது காப்பு. குறிப்பிட்ட சான்ஸ் பிரிண்ட் ஒன்று கையில் இருந்து, அது எந்தப் பகுதி என்று ஓரளவு தெரிந்தால், கருவியையே எடுக்க வேண்டாம். நேராக மைக்குப் போய் அந்தப் பகுதியை மட்டும் வெவ்வேறு அழுத்தத்தில், வெவ்வேறு சாய்வில் நாலைந்து தடவை எடுங்கள். சான்ஸ் பிரிண்ட் வளைந்த பொருளில் கிடைத்திருந்தால் அதே வளைவுள்ள பொருளில் தாளைச் சுற்றி ஒன்று எடுப்பதும் உதவும்.

திருட்டு நடந்த வீட்டில் குடும்பத்தாரின் கையைக் கழித்துப் பார்க்க எடுக்கும் மாதிரிக்கு பவுடர் போதும். ஏற்கெனவே கலங்கிப்போயிருக்கும் வீட்டில் மைத்தகட்டை விரித்தால் யாரும் மனமுவந்து கை நீட்ட மாட்டார்கள். வேலைக்காரம்மா, பால்காரர், அண்மையில் வந்துபோன உறவினர் எல்லோரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால், அடையாளம் தெரியாத அந்த ‘முக்கியமான’ உள்ளங்கை வீட்டுக்கார அம்மாளுடையதாகவே இருக்கலாம்.

சட்டப் பக்கம் இப்போது தெளிவு. உள்ளங்கைப் பதிவு கொடுப்பது தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று 1961-லேயே காதி காலு ஓகத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 1920-ஆம் ஆண்டுக் கைதிகள் அடையாளம் காணும் சட்டத்தின் இடத்துக்கு வந்து, 2022 ஆகஸ்ட் 4 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம், ‘அளவீடுகள்’ என்பதில் உள்ளங்கைப் பதிவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கைதானவரிடம் காவல் அதிகாரியே எடுக்கலாம். மற்றவரிடமும் எடுக்க நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிடலாம். ஆனாலும் 1997-ல் முகமது அமான் வழக்கில், பறிமுதல் பொருள்களின் பாதுகாப்பிலிருந்த குறையோடு, மாதிரி நடுவர் முன்னிலையில் எடுக்கப்படாததையும் உச்ச நீதிமன்றம் சந்தேகத்துக்கிடமாகப் பார்த்தது. கொலை வழக்கென்றால் நடுவர் உத்தரவோடு எடுப்பது கூடுதல் வேலைதான். குறுக்கு விசாரணையில் அந்த வேலை மிச்சமாகும். தாளில் பெயர், கை, தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து, கொடுத்தவர் கையெழுத்து எல்லாம் பதிவின் அதே பக்கத்தில் இருக்கட்டும். பின்பக்கத்தில் எழுதினால் படியெடுக்கும்போது பிரிந்துவிடும்.

ஸ்கேனர் மாதிரியை நிபுணருக்குத் தாளில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரிண்டர் அமைப்பில் ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ஏ4-க்குள் அடங்க, பதிவைச் சில சதவீதம் சுருக்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அசல் அளவில், 100 சதவீதத்தில் அச்சிட்டு, பக்கத்தில் ஒரு அங்குல அளவுகோலையும் சேர்த்து அச்சிட்டு, அதன்மேல் உண்மையான ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு உறையில் போடுங்கள்.